மூன்று நிமிடம்

பைக்காரா கரண்டு வந்த மறுவருசம்
சிங்காநல்லூர் மில்லில் ரீலிங் சேர்ந்தேன்.
பித்தளை டோக்கன், முன்னூற்றுப் பதினேழு.
ஒண்டிப்புதூரிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடை.
முதல் சங்குக்கு எழுந்து
இரண்டாம் சங்குக்குச் சோறு கட்டி
மூன்றாம் சங்குக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும்.
தாண்டாவிட்டால் அரையணா.

டைம் ஆபீஸ் ஜன்னல் ஒரு முழம் அகலம்.
அதில் தெரிந்த அளவுதான் எனக்கு அவர்:
மசி படிந்த நடுவிரல்,
வேறு நிறப் பித்தான் தைத்த சட்டைக் கை,
சென்னியப்பா என்று யாரோ கூப்பிட்டால்
நிமிராமலே "ஏனுங்க" என்கிற குரல்.

மாசிப் பனியில் ஒருநாள் மூன்று நிமிடம் பிந்தினேன்.
சம்பளத் தேதியில் எண்ணினால் முழுச் சம்பளம்.
மறுபடி எண்ணினேன்.
வரிசையை விட்டு ஜன்னலுக்குப் போனேன்.

"அபராதம் பிடிக்கலீங்க."
"மறந்திருப்பேனுங்க."
"நீங்க மறக்கற ஆளில்லீங்க. எழுதுங்க."

எழுதினார்.
அரையணாவைப் பலகைமேல் வைத்தேன்.
அவர் கை வருமுன் என் கை திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் நான் பிந்தவே இல்லை.
பிந்தினால் அவர் பொய் எழுத வேண்டும்,
இல்லையென்றால் நிஜம் எழுத வேண்டும்.
இரண்டும் அவருக்கு வலிக்குமென்று
எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அவர் என்ன கூட்டம் என்றும் நான் விசாரிக்கவில்லை.
விசாரித்தால் பதில் வந்துவிடும்.
அண்ணன் முறை என்று வரலாம்,
ஆகவே ஆகாது என்று வரலாம்.
தெரியாதவரைக்கும்
தினம் இரண்டு வேளை ஒரு முழ ஜன்னல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் மரியாதை உண்டு என்று
மதுரைக்காரி மேஸ்திரி சிரிப்பாள்.
அந்த 'ங்க' இருக்கிறதே,
சொல்லின் வாலில் கட்டிய கயிறு அது.
நெருங்கவும் விடாது, அறுத்துக்கொண்டு ஓடவும் விடாது.
நான்கு வருசம் அந்தக் கயிற்று நீளத்தில் நின்றோம்.
"மழைங்களா?"
"தூறலுங்க."
அவ்வளவுதான். அதை வைத்து
எட்டு மணி நேரம் நூல் சுற்றலாம்.

அந்த ஐப்பசியில் கேட்டைப் பூட்டினார்கள்.
ஓரணா கூட்டிக் கேட்டு வெளியே நாங்கள்,
பேரேட்டோடு உள்ளே அவர்.
ஏழாம் நாள் போலீஸ் லாரி வந்தது.
தடி எங்கள் பக்கம் திரும்பியபோது
பெரிய கேட்டின் திட்டிவாசல் திறந்தது.

"அங்காத்தா, வா."

வா.
ஓரெழுத்து.
கயிறு இல்லை.
என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
எத்தனையோ பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்;
எனக்கு அது மட்டும் கேட்டது.

பின்னால் நாற்பது பெண்கள். ஒருத்திக்கு ஏழாம் மாசம்.
"எல்லாரையும் கூப்பிடுங்க" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார்.
பிறகு தாழை நீக்கி
இரண்டு கதவையும் விரியத் தள்ளினார்.

மில் ஓடியது. ஓரணா கேட்டதற்கு அரையணா கிடைத்தது.
கேட்டைத் திறந்தவருக்கு
உடுமலைப்பேட்டை ஜின்னிங்கில் மூட்டைக் கணக்கு கிடைத்தது.

திருச்சி ரோட்டுப் புளியமரத்தடி. தகரப் பெட்டி.
பல்லடம் வழியாகப் போகும் பஸ்.
என் தலையில் பஞ்சு இருந்திருக்க வேண்டும்,
அவர் பார்வை அங்கே போய்ப் போய்த் திரும்பியது.
"அங்கே பருத்தி என்ன விலைங்க?"
"போனாத்தானுங்க தெரியும்."

பஸ் வந்தது.
போயிட்டு வா என்று சொல்ல நினைத்தேன்.
ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்.
"போயிட்டு வாங்க" என்றது வாய்.
"வரேனுங்க" என்றார் படியில் நின்று.
ஜன்னலில்லாமல் முழு ஆளாக
அப்போதுதான் பார்த்தேன்.
நான் நினைத்ததைவிட உயரம் கம்மி.

மூன்றாம் சங்கு ஊதி முடிந்திருந்தது.
புது டைம்கீப்பர், சின்னப் பையன்,
கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
"போனாப் போவுது போங்கக்கா" என்றான்.

"எழுது" என்றேன்.