பாம் ஷெல்டரில் பனி

எழுநூற்று எண்பது வெள்ளி.
சுகந்தியிடம் முந்நூறு என்று சொல்லியிருக்கிறேன்.

டாங்ளின் பக்கம், லிஃப்ட் பழுதான கட்டடத்தின்
மூன்றாம் மாடியில் கடை.
சியாக் அதைப் பிரிக்கப் பிரிக்க
கற்பூரமும் பழைய பசையும் கலந்த வாசம்.
முதலில் சாம்பல் பூசிய பட்டு,
அப்புறம் ஒரு கிளை,
கிளையில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்ட குருவி,
அப்புறம் எதுவுமே இல்லை
கீழே உருட்டுக்கட்டை வரைக்கும்.

"முடிக்காம விட்டுட்டாங்களா?"
"அதுதான் பனி லா," என்றார்.
பனியை யாரும் வரைவதில்லையாம்.
சுற்றியுள்ள வானத்தை இருட்டாக்கிவிட்டு
பட்டை அப்படியே விட்டால்
அது தானே பெய்துகொள்ளுமாம்.

எனக்கும் பனி தெரியும்.
செனோக்கோவில் குளிர்கிடங்கு, இரவு ஷிஃப்ட்,
மைனஸ் இருபத்தைந்து.
உறைந்த சூரை மீன்கள் விறகுபோல மோதிக்கொள்ளும்.
வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப் போய்
பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று நிற்பேன்.
என் மொழியில் முன்பனி உண்டு, பின்பனி உண்டு.
இரண்டிலும் சேராத இந்தப் பனிக்குக்
கூலி, மணிக்குப் பதினான்கு வெள்ளி.

பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்ட வேண்டும்,
அதுதான் முறை என்றார் சியாக்.
இந்த ஊரில் எதை வைத்து மாற்றுவது?
நானாக ஒன்று வைத்துக்கொண்டேன்.
புகைமூட்டம் வந்தால் கொக்கு.
பள்ளி விடுமுறைக்குக் கெண்டை, மகனுக்குப் பிடிக்கும்.
மின்கட்டணம் இருநூறைத் தாண்டுகிற மாதம் குருவி:
பனியைப் பார்த்தாவது ஏர்கானை அணைக்கட்டும்.

மாட்டாதவை உருண்டு கிடப்பது பாம் ஷெல்டரில்.
செங்காங்கில் நான்கறை வீடு,
அதில் ஆகத் தடித்த சுவர் அதற்குத்தான்.
பொன்னி அரிசி மூட்டை, சக்கரம் கழன்ற ஸ்கூட்டர்,
ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் எட்டு,
ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை.

குருவியின் மரப்பெட்டிக்குள்,
மூடியின் உட்பக்கம், நாலு வரி மை எழுத்து.
படமெடுத்து நொசாகிக்கு அனுப்பினேன்,
கிடங்குக்கு மீன் அனுப்புகிற கம்பெனிக்காரர்.
மத்தியானம் பதில் வந்தது.
ஷோவா பதினேழு, இலையுதிர் காலம்.
பழைய ஓவியம். ஓரப்பட்டு புதிதாய் ஒட்டியது.
ஒட்டிய ஊர், ஷோனான்.
அதன்பின் வெகுநேரம்
டைப் செய்கிறார், டைப் செய்கிறார் என்று
காட்டிக்கொண்டே இருந்தது போன்.
எதுவும் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.
கணக்குப் போடத் தேவையே இல்லை,
இந்த ஊருக்கு அந்தப் பெயர் எப்போது என்று
பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.
மரவள்ளிக்கிழங்குக்கு வரிசை நின்ற வருஷம்
ஒருவர் இங்கே உட்கார்ந்து
மாவில் பசை காய்ச்சியிருக்கிறார்,
ஓரம் கோணிவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மாவு ஏது?
யாருக்காக ஒட்டினார் என்று எழுதவில்லை.
அவன் கப்பலேறியபோது
இது ஏன் ஏறவில்லை என்றும்.

சுகந்தி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"முந்நூறு வெள்ளிக்கு
இதையெல்லாம் சேர்த்தா கொடுத்தாங்க?"

மாட்டவும் தோன்றாமல் உள்ளே வைக்கவும் தோன்றாமல்
மூன்று நாள் சோபாவில் கிடந்தது.
நாலாம் நாள் விடியலில் நான் ஷிஃப்ட் முடிந்து வர,
மகன் மாட்டியிருந்தான், கொஞ்சம் சாய்வாக.
மின்கட்டணம் இந்த மாதம் நூற்று அறுபதுதான்.

கிட்டப் போனேன்.
குருவிக்குக் கீழே, பட்டின் வெறுமையில்
முன்பு இல்லாத ஒரு பழுப்புப் புள்ளி.
நம் ஊர் ஈரம் போட்டது.
துடைக்கக் கூடாது, பரவும் என்று
சியாக் அன்றே சொல்லியிருந்தார்.
யாரோ அந்த வெள்ளையில்
ஒரே ஒரு அடி வைத்தது மாதிரி இருக்கிறது.
வருகிற அடியா, போகிற அடியா,
எவ்வளவு நேரம் நின்று பார்த்தும்
தெரியவில்லை.