அடுப்பைத் திறக்காதே

தார்த்து நகரில் இந்த டிசம்பருக்குப்
பனி வரவில்லை, மழைதான்.
ஈரக்காற்றில் மெரிங்கு பிசுபிசுக்கும் என்று தெரிந்தும்
ஹில்லே நான்கு முட்டை உடைத்தாள்.
நான்காவதில் மஞ்சள் கரு ஒரு பொட்டு கலந்தது.
வைதுகொண்டே மறுபடி முதலிலிருந்து.

சர்க்கரை, கரண்டி கரண்டியாய்.
கிண்ணத்தைத் தன் தலைக்குமேல் கவிழ்த்தாள்:
ஒரு சொட்டும் விழவில்லை.

அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில்
விடியும்வரை உலரட்டும் என்று
கதவில் சீட்டு ஒட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

சீட்டு கழன்று விழுந்தது.

கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு வந்த உர்மாஸ்
பசியில் அடுப்பை இருநூறில் வைத்தான்,
மீந்த உருளைக்கிழங்குக்காக.

வாசனைக்கு அவள் ஓடிவந்தாள்.
தட்டு நிறைய நரி நிறம்.
ஒன்றைக் கடித்தாள்.
பேசாமல் இன்னொன்றை அவன் வாயில் திணித்தாள்.

பண்டிகைக்கு வந்தவர்கள் செய்முறை கேட்டார்கள்.
"முதலில் ஒரு சீட்டு ஒட்டணும்," என்றான் உர்மாஸ்,
"சரியாக ஒட்டக் கூடாது."