இரண்டாம் கட்டம்

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
சனியின் வளையத்தைப் பார்த்தார்கள்,
"ஸ்டிக்கர் ஏதும் ஒட்டலையே?" என்று
குழாயின் முனையைத் தடவிப் பார்த்தார்கள்,
அதோடு சரி.
மிஞ்சியவர்கள் பதினொருவர்.

ஆகவே அஸ்தம்பட்டி டீக்கடையில் தீர்மானம்:
புதிதாய் வருபவருக்கு ஒரு துணை, ஆறு மாதம்.
செயலாளர் என்பதால் படிவம் என் தலையில்.
பெயர். ரத்த வகை
(எதற்கென்று தெரியாது, பழைய படிவத்தில் இருந்தது).
கற்க விரும்புவது.
கற்றுத்தர முடிவது.

முதல் கட்டம் வழிந்து
ஓரம்வரை எழுதியிருந்தார்கள்.
இரண்டாம் கட்டத்தில்
பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி வைத்திருக்கும்
தஸ்தகீர்கூட ஒரு கோடு இழுத்திருந்தார்.
நான்: "பிறகு நிரப்பப்படும்."

ஒரே ஒரு தாளில், பென்சிலில்,
"இருட்டில் உட்கார."
மல்லேஸ்வரி, செவ்வாய்ப்பேட்டை,
கொலுசுப் பட்டறை. சேர்ந்து ஐந்து வாரம்.

சிரித்தோம்.
வேறு ஆள் இல்லாததால்
தஸ்தகீருக்கு அவரையே துணையாகப் போட்டோம்.

ஏப்ரல் கடைசி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஏற்காட்டில் இறங்கினால்
மேகம், மூடிபோட்ட மாதிரி.
தஸ்தகீர் மூன்றாம் முறை போனை எடுத்தார்.
"அணைச்சிடுங்க சார்.
பத்த வைக்கும்போது ஊதுகுழல் நெருப்பையே பாத்துட்டு
வெளிய வந்தா எனக்குத் தெருவே தெரியாது.
சும்மா நிப்பேன். தானா வரும்."

எத்தனை நேரம் என்று அவர் கேட்கவில்லை.
காப்பிச் செடிகளுக்குள் எதுவோ
கனமாக மூச்சு விட்டுப் போயிற்று.
காட்டெருமை என்றேன். யாரும் எழவில்லை.

பன்னிரண்டே காலுக்குத் தெற்கே ஒரு கிழிசல்.
கீழே சேலத்தின் மஞ்சள் வெளிச்சம்,
அதற்கு மேலே ஒமேகா சென்டாரி
இருந்தாக வேண்டும்.
"எங்க, எங்க?"
"நேரா பாக்காதீங்க. கொஞ்சம் பக்கத்துல பாருங்க."
பார்த்தார்.
கரைத்த ஜவ்வரிசி மாவில் ஒரு சொட்டு.
தொலைநோக்கியைத் திருப்பவும் மறந்து
"இது யார் சொன்னது உங்களுக்கு?" என்றார்.
"நீங்கதான். போன மாசம்.
மூடி போட்டுக்கிட்டே சொன்னீங்க."

கிழிசல் மூடிக்கொண்டது.
காலையில் இறங்கும்போது
பதினான்காம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி
தஸ்தகீர் தன் தாளைக் கேட்டு வாங்கினார்.
கோட்டை அடித்தார், எழுதவில்லை,
பேனா மூடியைக் கடித்தபடி வந்தார்
கோரிமேடு வரை.

என் தாளில் இன்னும்
"பிறகு நிரப்பப்படும்."
ரத்த வகை மட்டும் சரியாக இருக்கிறது,
ஓ பாசிட்டிவ்.