சுழி

ரிகாவில் பனி உருகிச் சாக்கடையெல்லாம் பேசும் மாதம்.
ஆவணக் காப்பகத்தின் மூன்றாம் மாடியில்
கையுறை போட்ட விரலால் புரட்டுகிறேன்
நாற்பத்தொன்பதாம் ஆண்டின் கோப்பு ஒன்றை.
வரலாறு படிக்க வரவில்லை நான்.
எழுத்துரு வரைவது என் பிழைப்பு.
பழைய கையெழுத்துகளில் வளைவு தேடி வந்தேன்,
சந்தையில் மீன் வாங்குகிறவள் மாதிரி,
செவுளைத் தூக்கிப் பார்த்து.

பக்கம் முப்பத்தொன்றில் கிடந்தது,
ருஷ்ய 'ட'வின் வால்.
விசாரணை என்ற சொல்லே அந்த மொழியில்
அந்த எழுத்தில்தான் தொடங்கும்.
கோட்டுக்குக் கீழே இறங்கி,
அவசரமில்லாமல் இடப்பக்கம் திரும்பி,
ஒரு சுழி சுழித்து,
மை தீரும் இடத்தில் மூச்சு விட்டு நின்றது.
அழகு. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

எழுதியவன் லெப்டினன்ட் பிளினோவ்.
கேள்வி, பதில். கேள்வி, பதில்.
நடுவில் ஒரு வரி: இரவு 11.40க்கு நிறுத்தப்பட்டது.
அடுத்த வரி: 2.15க்குத் தொடர்ந்தது.
இடையிலிருந்த இரண்டரை மணி நேரம்
எந்த எழுத்திலும் இல்லை.
அடியில் கைதியின் கையொப்பம்,
பக்கத்துக்குப் பக்கம் சரிந்துகொண்டே:
ஏர்வின்ஸ் கைகல்ஸ், பள்ளி ஆசிரியர், குல்பெனே.

அன்றிரவே வரைந்துவிட்டேன்.
லாத்விய லிபியில் 'க' என ஒலிக்கும் எழுத்துக்கும்
அதே வால்தான் பொருந்தும்.

சேற்றில்தானே அல்லி என்றான் டால்விஸ்,
பக்கத்து மேசைக்காரன்.
டால்விஸ், சேறு யாரையும் அடித்ததில்லை.
வளைவு என்ன குற்றம் செய்தது என்றான்.
நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
சொல்லிச் சொல்லிப்
பதிப்பகத்துக்கு மாதிரி அனுப்பினேன்.
முதல் வகுப்புப் பாடநூலுக்கு வேண்டுமாம்.
குழந்தைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு
அந்தச் சுழிமேல் பென்சில் ஓட்டுவார்கள்.

மறுபடி போனேன் கோப்புக்கு.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பல் ஆடினால் நாக்கு போகாதா.

இந்த முறை முதல் தாளிலிருந்து.
மார்ச்சில் லெப்டினன்டின் 'ட'வுக்கு வால் வெறும் குச்சி.
ஏப்ரல் ஒன்பது: கைதியின் வீட்டில் எடுத்த
நோட்டு ஒன்று கோப்பில் சேர்க்கப்படுகிறது.
உள்ளே, பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய வரிசை,
ஒரு பக்கம் முழுக்கக் 'க', 'க', 'க',
அன்னம் கழுத்தை வளைத்து
முதுகில் சாய்த்துக்கொள்வதுபோல்.
மே மாதம் லெப்டினன்டின் வால் வளையத் தொடங்குகிறது.
ஜூனில் சுழிக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
ஒருவனை உடைத்துக்கொண்டே
அவன் கையைப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

அல்லது எனக்கு அப்படித் தெரிய வேண்டியிருக்கிறது.
ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்,
மயிரிழை விலகுகிறது.
திருடனிடமிருந்து எடுத்தால் திருட்டில்லை என்று
நம்ப ஆசைப்படுகிறவளின் கண்
ஒரு மயிரிழையை மன்னித்துவிடும்.

கடைசித் தாள், ஆகஸ்ட்.
கைகல்ஸின் கையொப்பத்தில் 'க'வுக்கு வால் இல்லை.
வட்டம் மட்டும்.
அதற்குக் கீழே, விசாரணை முடிந்தது என்ற வரியில்,
முழு வால்,
மை சொட்டாமல்.

பதிப்பகம் படிவம் அனுப்பியது.
எழுத்துருவின் மூலம் என்று ஒரு கட்டம்.
கைகல்ஸ் என்று எழுதினேன்,
லெப்டினன்டைக் கழுவிவிட்டது போலிருந்தது.
பிளினோவ் என்று எழுதினேன், விரல் கூசியது.
இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதி
மறுபடியும் ஒரே அறையில் உட்காரவைக்க
என்னால் ஆகவில்லை.
கெடு வெள்ளிக்கிழமை.

இன்று காலை கூரியர்காரன் வந்தான்,
அச்சுப்பொறிக்கு ஏதோ உதிரிபாகம்.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்: டக்னியா.
அழகாக எழுதுகிறீர்கள் என்றான்.
குனிந்து பார்த்தேன்.
என் பெயரின் நடுவில்,
பிப்ரவரி வரை எனக்கு இல்லாத
வால்.