மஞ்சள், உள்ளிருந்து

ஔலு நகரில் ஜனவரி, வியாழன் மாலை.
வெளியே மைனஸ் பதினெட்டு.
அடுக்ககத்தின் கீழ்த்தள அறையில்
ஜன்னலை அகலத் திறந்து வைத்திருக்கிறேன்.
சைக்கிளைப் பூட்ட வந்த மாடிக்காரர் எட்டிப் பார்த்து
"ஹில்ப்பா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.
இல்லை. பெயின்ட் அடிக்கிறோம்.

நான்கு பிள்ளைகள்.
நால்வரும் பனிக்கால முழு உடுப்பில்
சிறு கரடிகள் மாதிரி மேசையைச் சுற்றி.
வெதுவெதுப்பான நீரில் டப்பாக்கள் குளிக்கின்றன.
(அடுப்பில் வைத்தால் சீக்கிரம் சூடாகுமே என்றான் ஏலிஸ்.
கூரையும் சீக்கிரம் போகும் என்றேன்.)
விசிறியின் முன்னால் ஒரு கீற்று டிஷ்யூ.
அது வெளிப்பக்கம் சாய்ந்தால் அடிக்கலாம்,
துவண்டு தொங்கினால் நிறுத்தணும்.
இதற்கு மட்டும் வாக்கெடுப்பு கிடையாது.

இருப்பதிலேயே சின்ன முகமூடியும்
துய்ஸ்குவின் தாடையில் நிற்காமல் வழிகிறது.
ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழைகிறது.
விரல் நுழையும் வழியில் புகை நுழையாதா?
ஏழு வயதுக்குத் தூரிகைதான்,
தண்ணீரில் கரையும் சாயம்தான்,
கதவோரத்து மேசைதான்:
அங்கே காற்று முதலில் அவனைத் தொட்டுவிட்டு
பிறகுதான் எங்களிடம் வரும்.
"எப்போ நானும் ஸ்ப்ரே அடிப்பேன்?"
"உன் முகம் வளரட்டும்."
வாராவாரம் ஜன்னல் கண்ணாடியில்
கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்கிறான்.
தூரிகைக்காரனுக்கு எதற்குக் கண்ணாடி என்று
அன்றும் சண்டை.
எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும் என்றேன்.
காரணம் சொல்லவில்லை. என்னிடம் காரணமும் இல்லை.

சைமியின் பனிவாரி லாரி
பாதி மஞ்சளாகி நின்றபோது
டப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டது.
சொல்லிக்கொடுத்தபடியே கீழே வைத்தாள்,
சொல்லிக்கொடுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.
நான் மேசைக்கடியில்
ஏலிஸ் தொலைத்த சக்கரத்தைத் தேடி
முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.
இதோ வந்துட்டேன் என்றேன்.

உதவ வந்தவன் துய்ஸ்கு.
துளையில் என்ன மாட்டியிருக்கிறதென்று
முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து,
அழுத்தியும் பார்த்தான்.

ஸ்ஸ்.

அவ்வளவுதான். அரை நொடி.
நான் கத்தியது யார் பெயரென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவன் நின்ற இடத்திலேயே நின்றான்,
தூரிகையை இன்னொரு கையில் விடாமல்.
"உள்ளேருந்து பார்த்தா
எல்லாம் மஞ்சளா இருக்கு" என்றான்.

கண்ணாடியைக் கழற்றினேன்.
நெற்றி மஞ்சள், மூக்கு மஞ்சள்,
கண்களைச் சுற்றி மட்டும்
இரண்டு வட்டம் துய்ஸ்கு.
இமைமயிர் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
சோப்பு, வெதுவெதுப்பான நீர், மறுபடி சோப்பு.
அப்போதுதான் அழுதான்,
பெயின்ட்டுக்காக அல்ல, என் கத்தலுக்காக.

அவன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்,
மேசைக்கடியில் இருந்ததையும் சேர்த்து.
என் கண்ணில் அன்று கண்ணாடி இல்லாததை
அவள் கேட்கவில்லை; நான் சொல்லவில்லை.
மஞ்சள் படிந்த அவன் கண்ணாடியை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு மகனுக்குக் கையுறை மாட்டிவிட்டாள்,
ஒவ்வொரு விரலாக.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு
என் பேருந்துக்கு முன்னால்
ஒரு மஞ்சள் பனிவாரி போனது.
தேவைக்கு மேல் இடைவெளி விட்டு
ஊர்ந்துகொண்டே போனேன்.
பின்னிருக்கையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
தொலைந்த சக்கரம்
அன்றிரவு என் காலுறைக்குள்ளிருந்து விழுந்தது.

இப்போது குனிய வேண்டுமென்றால்
எல்லா டப்பாக்களையும் மடியில் அள்ளிக்கொண்டுதான் குனிகிறேன்.
பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.
எனக்கும் ஒரு கண்ணாடி ஆணியில் தொங்குகிறது.

அடுத்த வியாழன்
கதவு திறக்கிற சத்தம்.
தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து
முகத்தை நிமிர்த்தி நின்றான்:
"வளர்ந்துடுச்சா பாரு."
முகமூடியை வைத்துப் பார்த்தேன்.

சுண்டுவிரல் இன்னும் நுழைகிறது.