பதினேழாம் எண் வீட்டுத் தூம்பு

டுலூத் நகரத் தெருக்கள் எல்லாம்
ஏரியைப் பார்த்துச் சரிந்தே கிடக்கும்.
மேலே பெய்தது கீழே போகும்.
இந்த வேலைக்கு அதற்குமேல் படிப்பு வேண்டாம் என்றுதான்
என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆர்விட் ஹாகன்சன் கதவைப் பாதிதான் திறந்தார்.
"அபராதமா?"
"இல்லை, சோதனை.
ஒரு குவளைச் சாயம், உங்கள் தோட்டக் குழாய், பத்து நிமிஷம்."
பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.
கூரைக்குத்தான் போகிறேன் என்றேன்.

பீலியில் ஊற்றினேன். கிளிப்பச்சை.
தூம்பில் சுழன்று இறங்கி
மண்ணுக்குள் மறைந்தது.
தெருமுனையில் டெவோன் மேன்ஹோல் மூடியைத் தள்ளிவைத்து
குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.
வயர்லெஸ்ஸில் அவன் குரல்:
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
இரு, வந்துவிட்டது உன் கிளி.

கக்கூஸ் தண்ணீர் போகிற குழாயில்
ஐம்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது
ஒரு கூரையின் மழை.

"நானும் மச்சானும்தான் பதித்தோம்," என்றார் ஆர்விட்.
"எல்லாம் தண்ணீர்தானே என்றான் அவன்."
எல்லாம் தண்ணீர்தான்.
கொட்டுகிற நாளில் இந்தக் கூரை மட்டும் மூவாயிரம் லிட்டர்.
உங்கள் வீடு மட்டுமில்லை,
இந்தத் தெருவில் முப்பத்தொரு வீடு.
குழாயின் தொண்டை ஒரு சாண்.
விழுங்க முடியாததைக் கக்கிவிடும்.

"எங்கே?"

சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
சரிவில் குடியிருப்பவருக்குச் சொல்லவும் வேண்டாம்.
அவர் பார்வை சன்னல் வழியே
கூரை கூரையாக இறங்கிப் போய்
நாலாவது வீட்டில் நின்றது.
வேலியோரம் ஊறிய மெத்தை,
உப்பிப்போன அட்டைப்பெட்டிகள்,
சின்னச் சைக்கிள் ஒன்று.

"மழை ராத்திரிகளில் அவள் நிலவறையில் விளக்கு எரியும்.
ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றிருந்தேன்."
கொஞ்ச நேரம் கழித்து:
"போன மாசம் தரையை உலர்த்த
மின்விசிறி இரவல் கேட்டாள். கொடுத்தேன்.
ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள்.
தின்றேன்."

மானியப் படிவத்தை நீட்டினேன்.
தூம்பை வெட்டிப் புல்லுக்குத் திருப்ப ஒரு முழங்கைக் குழாய்,
அஸ்திவாரத் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு,
இரண்டு நாள் தோண்டல், தூசி, சத்தம்,
உங்கள் பங்கு இவ்வளவு...
அவர் கேட்கவில்லை.
"கையெழுத்து எங்கே?" என்றார்.
தவறான கட்டத்தில் போட்டார்.
வேறு படிவம் எடுத்தேன்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை போன் அடித்தது.
"கேட்கிறதா?"
எதையோ நோக்கிப் போனை நீட்டியிருக்க வேண்டும்.
தகரத்தில் உருண்டு, குழாய் முழங்கையில் திரும்பி,
புல்லில் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது தண்ணீர்.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
முழுக்கக் கேட்டேன்.

"கீழே அவள் வீட்டில் விளக்கில்லை," என்றார்.
உடனே குரலை உயர்த்தி,
"ஆனால் என் புல்தரை சேறாகிறது.
நாளைக்கு ஆள் அனுப்பு."