மூணு குழாய்க்கு அந்தப் பக்கம்

கரை முனையில் மூணு இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள்.
புல்லட் நுழையாது.
ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஒடித்தால்
என் சைக்கிள் நுழையும்.

அங்கிருந்து மதகு வரை
ஹாரன் கிடையாது.
பெல்லுக்கும் வேலை குறைவு.
தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு
வழியை அடைத்து நின்ற அன்று
ஒரேயொரு முறை அடித்தேன்.
நின்று திரும்பிப் பார்த்தது,
ஒருவழிப் பாதையில் எதிரே வந்தவனைப் பார்ப்பதுபோல.

எதிரே வருவது ஆடிக்காத்து மட்டும்தான்.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்டு
சூலூர்க் குளத்துக் கரையில்
என் சட்டைக்குள் வந்து இறங்கும்.
முதல் கியரில் நான் திணறுவதைப் பார்த்து
தூண்டில் போட்டிருக்கும் பொங்கியண்ணன்
"நடந்தே போயிரலாமுங்க" என்பார்.

மதகோடு கரைவழி தீர்ந்துவிடும்.
அதற்கப்புறம் முந்நூறு மீட்டர்
லாரிகளுடையது.
அதையும் ஓட்டினால்தான் வட்டம்.

"இன்னிக்காச்சும் குளத்தைச் சுத்தி முடிச்சீங்களா?"
வஞ்சிக்கொடி கேட்பாள்.
இல்லை.
ஞாயிறுதோறும் பாதி நிலாவாகப் போய்
அதே பாதியாகத் திரும்புகிறேன்.

திரும்பும்போது
காத்து முதுகில் கை வைக்கும்.
பெடலில் கால் சும்மா இருக்கும்.
பொங்கியண்ணனைத் தாண்டுகையில்
என்னவாவது சொல்வாரென்று பார்ப்பேன்.

தக்கையிலிருந்து
கண்ணெடுக்க மாட்டார்.